குடும்பத் தலைவர்

கணவனின் இரண்டு கைலிகளையும் சட்டைகளையும் தலையணையோடு சேர்த்துக் கட்டிப் படிக்கட்டின் கடைசிப் படியில் வைத்துவிட்டு, ரோஸ்மானியார் உள்ளே வந்து உட்கார்ந்தாள். சண்டை போடவில்லை, சத்தமும் போடவில்லை. மினாங்கபாவு மலைநாட்டில் அதற்குத் தேவையும் இல்லை. வீடும் வயலும் தாயிடமிருந்து மகளுக்கு வருபவை. கட்டிக்கொண்டவன் அங்கே விருந்தாளிதான். படியில் மூட்டையைப் பார்த்தால் அவன் அதை எடுத்துக்கொண்டு தன் தாய்வீட்டுக்குப் போய்விட வேண்டும். அவளுடைய சின்னம்மா ஒருமுறை இப்படி வைத்தபோது, அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் போனார்.

அன்று காலையில் நாற்றைப் பார்க்கப் போனவள், ஓடைக்கரை வயலில் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டியிருப்பதைக் கண்டாள். புதிய கிராம அலுவலகம் வரப்போகிறதாம். ஜாவா அரண்மனை மண்டபம் போல நடுவில் நான்கு தூண்கள், மேலே அடுக்குக் கூரை. வரைபடம் ஜகார்த்தாவிலிருந்தே வந்துவிட்டது.

"யாரு குடுத்த எடம் இது?"

"உங்க வீட்டுக்காரர்தான்க்கா. கைநாட்டு வச்சாரே" என்றான் கயிறு பிடித்திருந்தவன்.

அவளுக்குப் போன வருஷத்துப் படிவம் நினைவுக்கு வந்தது. ஊரை நான்கு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் ஜாவா கிராமம் போல ஆக்கும் சட்டம் வந்திருந்த சமயம். கணக்கெடுக்க வந்த ஜாவாக்கார அதிகாரி தங்கமான மனிதர், குரலை உயர்த்தவே தெரியாதவர். குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் அவள் கணவன் ஜமாரிஸின் பெயரை எழுதினார்.

"வீடு என்னுதுங்க. என் பேரை எழுதுங்க."

"எழுதலாம்மா, மேலேர்ந்து திருப்பி அனுப்பிடுவாங்க. ஜாவாவை ஆண்ட மஜாபாஹித் ராஜா காலத்துலேர்ந்து நாமெல்லாம் ஒரே குடும்பம். குடும்பம்னா ஒரு தலைவர் வேணாமா?"

"அந்த ராஜாவை எங்க ஊருல யாரு கண்டா?"

அவர் சிரித்தார். ஜமாரிஸும் சிரித்தான். "பேருதானே, விடு" என்றான். அவளும் விட்டுத் தொலைத்தாள். இத்தனை தீவுகளுக்கும் சேர்த்துச் சட்டை தைக்கிறேன் என்று கிளம்பியவர்கள் ஜாவாவின் அளவை மட்டும் எடுத்துவிட்டு வந்தார்கள். இறுக்கிப் பிடிக்கிறது என்று சொன்னால் உடம்பைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

சாயங்காலம் வந்த ஜமாரிஸ் மூட்டையைத் தொடவில்லை. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கிராம்புச் சிகரெட்டைப் பற்றவைத்தான்.

"போன வருஷம் குடுத்த குடும்ப அட்டையை எடுத்துப் பாரு. யாரு யாரை வெளிய அனுப்பறதுன்னு அதுல இருக்கு."

"எங்க அண்ணன் வரட்டும். அப்பவும் இதே வாய் பேசறீங்களான்னு பாக்கறேன்."

உடன்பிறந்தாள் வீட்டில் கடைசி வார்த்தை அண்ணனுடையது. மதியமே அவள் சொல்லியனுப்பியிருந்தாள். அண்ணன் சுல்பஹ்ரி வந்ததும் ஜமாரிஸ்கூடச் சிகரெட்டை எறிந்துவிட்டு எழுந்தான். பழைய பழக்கம். அண்ணன் மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மாவோட வயலுண்ணே. சொல்லுங்க இந்தாளுகிட்ட."

"ஆபீசுக்குப் போயிட்டுத்தான் வரேன்மா. நீங்க யாருன்னு கேட்டாங்க. இந்த வீட்டு அட்டையில என் பேரு இல்லியாம்."

"பின்ன எங்க இருக்காம்?"

"உன் அண்ணி வீட்டுல. தலைவருன்னு போட்டிருக்கு." அவர் தொண்டையைச் செருமினார். "பள்ளிக்கூடத்துக்கு எடம் வேணும்னாங்க. அண்ணியோட தோப்பு சும்மாத்தானே கெடக்குது. ஒரு கைநாட்டுதானேன்னு..."

"அண்ணிக்குத் தெரியுமா?"

அவர் குனிந்து மூட்டையைத் தூக்கினார். படியேறி வந்து, உள்ளே தலையணை எப்போதும் கிடக்கும் இடத்திலேயே வைத்தார். பின்னாலேயே ஜமாரிஸும் ஏறி வந்து பாயில் உட்கார்ந்தான்.

ரோஸ்மானியார் முடிச்சை அவிழ்த்தாள். தலையணையின் வெள்ளை உறையில், அண்ணன் பிடித்துத் தூக்கிய இடத்தில், ஊதா மையில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். அவள் விரலிலும் ஒட்டியது.