சித்தப்பாவின் அறையில் சிக்னல் இல்லை

அடித்தளத்து ஸ்டோர் அறையில் சித்தப்பா ஒருவர்தான். நிஜத்தில் அவர் யாருக்கும் சித்தப்பா இல்லை. மேல் மாடிகளில் இருப்பவர்கள் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, சம்பளச் சீட்டில் இருக்கும் பெயர் அவருக்கே மறந்துவிடும் போலிருந்தது. பிரிண்டர் மை, பல்பு, நாற்காலிச் சக்கரம் என்று யாருக்கு எது வேண்டுமென்றாலும் அவர் மேசையில் இருக்கும், வைஃபையில் ஓடும் வயர்லெஸ் போன் அலறும். எடுத்ததும் எரிந்து விழுவார். "மனுஷன ஒரு வாய் நிம்மதியா சாப்பிட விடுறீங்களா?" என்று கத்திவிட்டு, கேட்ட பொருளைத் தூசி தட்டித் தயாராக வைத்திருப்பார். மனைவி இறந்துபோன பிறகு வீட்டில் அவரோடு பேச ஆள் கிடையாது. நாள் முழுக்க அவர் பேசும் பேச்சே அந்தப் போனில் திட்டுவதுதான்.

வாரக் கடைசியில் கட்டடம் முழுக்கப் பழைய வைஃபை டப்பாக்களைக் கழற்றிவிட்டு, புதுத் தலைமுறை அக்சஸ் பாயின்ட்களை மாட்டினார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்த மாதிரி கூரையில் வெள்ளை வெளேரென்று இருந்தன. திங்கட்கிழமை முதல் சித்தப்பாவின் போன் வாயைத் திறக்கவில்லை. திரையில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

முதல் நாள் அவருக்குக் கொண்டாட்டம். தொலைந்தது சனியன் என்று காலை நீட்டி உட்கார்ந்தார். மறுநாள் போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். மேலே எத்தனை பேர் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தார்களோ, மேனேஜர் காதுக்குப் போய்விட்டதோ? ஆனாலும் வேண்டுமென்றால் அவர்களே இறங்கி வரட்டும் என்று வீம்பாக இருந்தார். யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் வீம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் படியேறினார்.

மேலே யார் முகத்திலும் கோபம் இல்லை. "அட, சித்தப்பா! என்ன அதிசயமா மேல வந்திருக்கீங்க?" என்றாள் வரவேற்பில் இருந்தவள். அவ்வளவுதான்.

நெட்வொர்க் வேலை பார்க்கும் பெண் லேப்டாப்பும் ஏணியுமாக அவரோடு கீழே வந்தாள்.

"நான் சிக்னல அளந்தப்ப இங்க பச்சையாத்தானே சார் காட்டுச்சு?"

சித்தப்பா இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார். லேப்டாப்பில் பச்சை மொத்தமும் சிவப்பானது.

"ஐயய்யோ! கதவத் தொறந்து வச்சுக்கிட்டு அளந்திருக்கேன். வராண்டால இருக்குறதே போதும்னு உள்ள இருந்த பழசயும் எடுத்துட்டேன்."

"தூசி வரும்னு நான் எப்பவும் சாத்தித்தாம்மா வைப்பேன்."

நாக்கைக் கடித்துக்கொண்டு ஏணியில் ஏறி, அறைக்குள்ளேயே புதிதாக ஒன்றை மாட்டினாள். இறங்கியதும் சித்தப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏம்மா, இத்தன நாளா யார் யாரு கூப்பிட்டாங்கன்னு இதுல தெரியுமா? மேல போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடுவேன்."

அவள் தேடினாள். மறுபடியும் தேடினாள். குரல் இறங்கிவிட்டது.

"யாரும் கூப்பிடல சார். புது வைஃபை வந்ததுலேருந்து அவங்கவங்க செல்போன்லயே ஆர்டர் போட்டுடுறாங்க. கடைக்காரங்களே மாடிக்குக் கொண்டாந்து குடுத்துடுறாங்க."

சித்தப்பா அலமாரிகளைப் பார்த்தார். எல்லாம் தூசி தட்டி வரிசையாக இருந்தன. சிக்னல் இல்லாமலே இருந்திருக்கலாம், அதன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

"மேல போய் டெஸ்டுக்கு ஒரு கால் போடுறேன் சார். கதவச் சாத்தியே வையுங்க" என்று அவள் போனாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அலறியது. அவர் உடனே எடுக்கவில்லை, அதை அலறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எடுத்தபோது எரிந்து விழவும் இல்லை.

"கேக்குதா சார்?"

"கேக்குதும்மா."

"தெளிவா இருக்கா?"

"நல்லா இருக்கு."

"அப்ப வச்சிடவா?"

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். கதவு சாத்தித்தான் இருந்தது.

"வச்சிடாதம்மா. நடுவுல விட்டுப்போகுதான்னு பாக்கணும். இன்னும் கொஞ்ச நேரம் பேசு."

"என்ன சார் பேசுறது?"

"எதையாவது பேசும்மா."