ஈரல் மசியலில் ஒரு மாத்திரை

என் பூனை மோன்ஸின் வாலடியில் காய்ந்த அரிசிபோல் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. புழு இன்னும் போகவில்லை; குடற்புழு மாத்திரை இரண்டு தடவை கொடுத்தாயிற்று. ரொட்டியில் தடவும் ஈரல் மசியலில் பொதிந்து உருட்டி வைப்பேன். மோன்ஸ் அதைக் கவ்விக்கொண்டு வேலிச்செடிக்கு அடியில் நுழைந்து போய்விடுவான். தின்றுவிட்டான் என்றுதான் நினைத்தேன். ஆனால் எவ்வளவு சாப்பிட்டாலும் அவன் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. இப்படியே போனால் குளிர்காலத்தைத் தாண்டமாட்டான் என்று பயமாக இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் பிரெபென் வீடு. வேலிச்செடியை எந்த உயரத்தில் வெட்டுவது என்பதில் எங்களுக்குச் சண்டை. எங்கள் டென்மார்க்கில் இதற்காகவே பேச்சை நிறுத்தியவர்கள் ஏராளம். அவர் மனைவி லிஸ் இறந்த பிறகும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மோன்ஸ் அந்த வீட்டிலும் சாப்பிடுவது எனக்குத் தெரியும். இருந்தாலும் அவன் என் பூனை. மருத்துவரிடம் தூக்கிப்போகிறவள் நான்தானே.

அன்று மாலை பிரெபென் என் வாசலில் நின்றார். உள்ளங்கையில் எறும்பு மொய்த்த ஈரல் உருண்டை, பிளந்து கிடந்தது. நடுவில் மாத்திரை.

"வேலிச் சண்டை நமக்குள்ள. பூனைக்கு எதுக்கு விஷம் வைக்கிறீங்க, கெர்டா?"

மாத்திரை டப்பாவை எடுத்துவந்து அவர் கையில் திணித்தேன். கண்ணாடியை இறக்கிப் படித்தார். மறுபடியும் படித்தார். காது சிவந்துவிட்டது.

"நாளுக்கு நாள் எளச்சுட்டே போறான். நீங்கதான் ஏதோ பண்றீங்கன்னு நெனச்சேன்."

"நினைப்பீங்க. இப்ப வந்து பிடிங்க."

சமையலறையில் பூனையைத் துண்டால் சுற்றி அவர் அணைத்துக்கொள்ள, நான் வாயைத் திறந்து மாத்திரையை நாக்கின் பின்பக்கம் வைத்துத் தொண்டையைத் தடவினேன். "பெல்லெ, பெல்லெ" என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"லிஸ் வெச்ச பேரு" என்றார்.

மாத்திரை இறங்கியது. உடனே பூனை இருவரையும் பிறாண்டிவிட்டு வேலிக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. வாந்தி எடுத்துவிட்டால் எல்லாம் வீண்; கண்ணெதிரே வைத்திருக்க வேண்டும். நான் மோன்ஸ் என்று கூப்பிட்டேன், அசையவில்லை. பிரெபென் கூப்பிட வாயைத் திறந்து, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அது எனக்குப் பொறுக்கவில்லை. ஈரப் புல்லில் மண்டியிட்டுக் குனிந்தேன்.

"பெல்லெ" என்றேன்.

இலைகளுக்குள் இரண்டு காதுகள் திரும்பின.