கீழிருந்து ஒரு வீச்சு

கல்லூரியில் அவள் உயரத்துக்காக எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கெல்லாம் அவள் கோபிக்க மாட்டாள். ஏறி மிதிக்கப் பார்த்தால்தான் கோபம் வரும். முதல் வருடத்திலிருந்தே அந்தக் கல்லூரிக்குக் கூடைப்பந்தில் வந்த கோப்பையெல்லாம் அவள் புண்ணியத்தில் வந்ததுதான்.

போன வருடம் ஆட்டத்தில் விழுந்து தோள்பட்டை கழன்றது. கட்டுப் பிரித்ததும் ஓட்டம், பாஸ் எல்லாம் பழையபடி திரும்பின. ஃப்ரீ த்ரோ மட்டும் திரும்பவில்லை. எதிரணி தப்பு செய்தால், குறுக்கே யாரும் வராமல் கோட்டில் நின்று போடுகிற பந்து அது. பச்சைக்குழந்தைகூடப் போடும் என்பார்கள். ஆனால் நின்று நிதானமாகக் குறிபார்த்தால் அவள் தோள் நடுங்கியது. பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது.

சும்மா இருப்பாளா? பந்தை இரண்டு கையாலும் முழங்கால்களுக்கு நடுவே பிடித்து, வாளித் தண்ணீரை வீசுவதுபோலக் கீழிருந்து வீசிப் பழகினாள். அநேகமாக எல்லாம் உள்ளே போனது. பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கோச் சிரிக்கவில்லை.

“என் மானத்தை வாங்காதே. மேட்ச்ல ஒரு தடவை இப்படிப் போட்டே, டீம்லேருந்து தூக்கிடுவேன். கிளப்புக்கும் சிபாரிசு பண்ண மாட்டேன்.”

கிளப் என்றால் பெரிய அணி. படிப்பு முடிந்தபிறகும் பந்தைத் தொட அவளுக்கிருந்த ஒரே வழி.

அம்மாவிடம் போய்ப் பொருமினாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தவே இல்லை. “மேலேருந்து போட்டா என்ன, கீழேருந்து போட்டா என்னடி? பந்துக்குத் தெரியவா போகுது?”

இறுதி ஆட்டத்துக்குக் கிளப்பின் தேர்வாளரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு புள்ளி குறைவு, ஆட்டம் முடிய ஒரு விநாடிதான் பாக்கி, எதிரணிக்காரி ஒருத்தி அவளைத் தள்ளிவிட்டாள். இரண்டு ஃப்ரீ த்ரோ.

“மேலேருந்து!” என்று கத்தினார் கோச்.

அவள் குனிந்தாள். அரங்கமே கொல்லென்று சிரித்தது. பந்து வலைக்குள் இறங்கியது. சமம்.

கோச் எகிறிக் குதித்து, அவளை வெளியே எடுக்கச் சொல்லிக் கையை ஆட்டினார். நடுவர் முடியாது என்றார். இரண்டாவதையும் போடாமல் போடுகிறவளை மாற்ற விதியில் இடமில்லை. முதல் நாள் வகுப்பில் தானே சொல்லிக்கொடுத்ததை ஆத்திரத்தில் மனுஷர் மறந்துவிட்டார்.

ஏணி அவரை நேராக ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி குனிந்து வீசினாள். அதுவும் உள்ளே! ஜெயித்தாயிற்று.

கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. தேர்வாளர் பக்கத்தில் வந்ததும் கோச் அவள் தோளில் கைபோட்டுக்கொண்டார். “எல்லாம் நம்ம ட்ரெயினிங் சார். இவளுக்குத் தோள் போனதும் நான்தான் யோசிச்சு யோசிச்சு…”

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், கிளப் அவளுக்குத்தான். ஆனால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கையை எடுத்து அப்பால் விட்டாள்.

“இல்ல சார். இப்படிப் போட்டா டீமைவிட்டே தூக்கிடுவேன்னாரு. இப்பக்கூட வெளிய இழுக்கத்தான் பார்த்தாரு, நீங்களே பார்த்தீங்களே.”

கோச் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தேர்வாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “எங்ககிட்ட வந்தாலும் இப்படித்தான் போடுவியா? ஊரே பார்த்துச் சிரிக்கும்.”

“இப்படித்தான் போடுவேன். வேணும்னா எடுங்க, வேண்டாம்னா விடுங்க.”

அவர் தாடையைச் சொறிந்துகொண்டார்.

“திங்கக்கிழமை வந்துடும்மா. எங்க பொண்ணுங்களும் ஃப்ரீ த்ரோலதான் கோட்டை விடறாங்க. நீயே சொல்லிக்கொடு.”