பின்சீட்டில் காசிநாதன்

காசிநாதனுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனபோது டாக்டர் இரண்டு விஷயங்களைச் சொல்லி அனுப்பினார். பாரம் தூக்கக் கூடாது. இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது. முதலாவதைத் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். இரண்டாவதைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்புதான் வந்தது. மீசை அரும்பிய வயதில் ஸ்டியரிங் பிடித்தவர். வாலாஜாபாத் பக்கத்து ஆலைகளிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு நாக்பூர் வரைக்கும் லாரி ஓட்டிப் போய் வந்தவர். அவரைப் போய் ஓட்டாதே என்றால்?

வீட்டில் வண்டி என்று நின்றது மனைவி கங்கையம்மாளின் மின்சார ஸ்கூட்டர் ஒன்றுதான். தாமலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் சத்துணவு அமைப்பாளர். பஸ்ஸுக்குக் காத்து நின்றே கால் வீங்கிப்போகிறது என்று, ஓசூரில் வேலை பார்க்கும் மகள் அபி வாங்கிக் கொடுத்தது. வெளிர்நீல நிறம். வந்த புதிதில் காசிநாதன் அதை வண்டி என்றே ஒப்புக்கொள்ளவில்லை. ஆயில் கிடையாது, பிளக் கிடையாது, கிளம்பினால் சத்தம் கிடையாது.

"மிக்சிக்கு ரெண்டு சக்கரம் மாட்டின மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டோடு கிடந்த மாதங்களில் அந்த மிக்சியைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை. பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் அவரை உறுத்தியது. கங்கையம்மாள் மதியம் வெயிலில் வந்து இறங்குவாள்; இறங்கின கையோடு சார்ஜ் ஒயரைச் சொருகிவிட்டுக் குளிக்கப் போவாள். ஒருநாள் காசிநாதன் எழுந்து போய், பாட்டரி இருக்கும் இடத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிள்ளைக்கு ஜுரம் அடிக்கிற மாதிரி கொதித்தது.

அபிக்கு போன் போட்டார். "ஏம்மா, ஓடி வந்த சூட்டோடயே சார்ஜ் போடலாமா?"

"கூடாதுப்பா. கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் போடணும். தினமும் ஃபுல்லாவும் ஏத்த வேணாம், எண்பது பர்சன்ட் வந்தா எடுத்துடலாம். இருபதுக்குக் கீழ இறங்கவும் விடக் கூடாது. அம்மாகிட்ட அப்பவே சொன்னேனே."

"உங்கம்மா எங்க கேட்டா. வுடு, நான் பார்த்துக்கறேன்."

அன்றிலிருந்து வண்டி அவர் பொறுப்புக்கு வந்தது. வெயில் விழாத பக்கமாகப் பார்த்து நிறுத்தச் சொன்னார். ஆறின பிறகு தானே ஒயரைச் சொருகினார், எண்பது வந்ததும் தானே பிடுங்கினார். காற்று சரியாக இருக்கிறதா என்று டயரை அமுக்கிப் பார்த்தார். குழாயைப் பீய்ச்சிக் கழுவப் போனவளைத் தடுத்து, ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தார். லாரியைத் துடைத்த அதே கைதான். ஆனாலும் அதில் ஏறி உட்காரவில்லை. அவர்கள் குடியிருந்த ஒலிமுகமது பேட்டையில் அவரை அறியாத டீக்கடை இல்லை. பெண்டாட்டி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போவதை நினைத்தாலே அவருக்குக் கூசியது.

ஐப்பசி அடைமழை விட்ட ஒரு சனிக்கிழமை, கங்கையம்மாள் வேலை முடிந்து வந்து, புடவை நுனியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "தாமல் ஏரி ரொம்பி கோடி போவுதுங்க. ஜனம் திருவிழா மாதிரி நின்னுக்கினு பாக்குது."

காசிநாதனுக்குப் பழசு ஞாபகம் வந்தது. கல்யாணமான வருஷமும் அப்படித்தான் ஏரி நிரம்பி வழிந்தது. அப்போது அவரிடம் ஒரு பழைய டிவிஎஸ் ஃபிஃப்டி இருந்தது. புதுப் பெண்டாட்டியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு தடதடவென்று போய், வழிகிற தண்ணீரில் இருவரும் முழங்கால் நனைய நின்றார்கள். அவள் செருப்பு ஒன்று அடித்துக்கொண்டு போனது; திரும்பும்போது ஒற்றைச் செருப்போடு சிரித்துக்கொண்டே வந்தாள். அதற்கடுத்த வாரமே அவருக்கு நாக்பூர் லோடு கிடைத்தது. பிறகு ஏரி எத்தனையோ தடவை நிரம்பியிருக்கும். அவர் ஊரில் இருந்ததில்லை.

"நாளைக்கு நான் கூட்டிக்கினு போறேன், வாங்க" என்றாள்.

"முதுகு தாங்காது."

"மெதுவா போறேன். வாங்கன்றேன்."

தெருமுனை மெக்கானிக்கிடம் சொல்லி, பின்பக்க ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இளக வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் துண்டை நாலாக மடித்து சீட்டில் போட்டு, காசிநாதன் ஏறி உட்கார்ந்தார். டீக்கடைப் பக்கம் வந்தபோது தலையைத் திருப்பிக்கொண்டார். யாரோ "இன்னா காசி, ஓனர் ஆயிட்டியா?" என்று கேட்டது காதில் விழுந்தது. கங்கையம்மாள்தான் "ஆமாண்ணா, நான் டிரைவர்" என்று பதில் சொல்லிவிட்டுப் போனாள்.

கீழம்பி தாண்டியதும் ரோடு அகன்றது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் அவள் "பள்ளம்" என்று சொல்லி வேகத்தைக் குறைத்தாள். அவர் பாதங்களை ஊன்றி இடுப்பை லேசாகத் தூக்கிக்கொண்டார். முதுகு வலிக்கவில்லை. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் மோட்டார் முனகுகிறது என்று நினைத்தார். பிறகு புரிந்தது, கங்கையம்மாள் பாடிக்கொண்டிருந்தாள். நடவில் பெண்கள் பாடுவது போல ஒரே மெட்டு, மேலே ஏறி இறங்கி, மறுபடி ஏறியது.

"நீ பாடுவியா?"

"இன்னாது?"

"பாட்டு. நீ பாடி நான் கேட்டதே இல்லையே."

அவள் கண்ணாடியில் அவர் முகத்தைத் தேடினாள். "டிவிஎஸ்ஸுல போறப்பல்லாம் பின்னாடி உக்காந்து பாடிக்கினுதான் வருவேன். எங்கம்மா நடவுல பாடறது. அந்த வண்டி போடற சத்தத்துல உங்களுக்கு எங்க கேக்கும்."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா பாட வெக்கமா பூடும். அதுவும் இல்லாம..." சிரித்தாள். "பாதி உங்களைத் திட்டித்தான் பாடுவேன். நடவுப் பாட்டுல அதெல்லாம் சேத்துக்கலாம்."

"இன்னான்னு திட்டினே?"

"வூட்டுக்கு வராதவனே, லாரியையே கட்டிக்கினிருக்கலாமேன்னு. அபி வயித்துல இருக்கும்போது அதான் பாட்டு."

காசிநாதன் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த வருஷங்களில் வீட்டுக்கு வந்தால் தூங்குவார், எழுந்தால் லோடு. இருக்கிற ஒன்றிரண்டு நாளில் வண்டியில் அவளைக் கடைக்குக் கூட்டிப்போனபோதெல்லாம் தன் முதுகுக்குப் பின்னால் இத்தனை நடந்திருக்கிறது. டிவிஎஸ் இன்னும் வேகமாக ஓடினால் தேவலை என்று முறுக்கியதுதான் அவருக்கு ஞாபகம் இருந்தது.

"இப்பவும் திட்டறியா?"

"இல்ல. இது சும்மா பாட்டு."

"பாடு" என்றார்.

ஏரியில் அன்று போலவே தண்ணீர் நுரைத்து வழிந்தது. காசிநாதன் கரையிலேயே நின்றார். கங்கையம்மாள் செருப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுக் கணுக்கால் நனைய நின்றாள். பொரித்த கெண்டை மீன் வாங்கி ஒரே இலையில் தின்றார்கள்.

திரும்புகையில் எதிர்க்காற்று. இரண்டு பேர் பாரம் வேறு. பாலுசெட்டிசத்திரம் வருவதற்குள் பாட்டரி முப்பதுக்கு இறங்கிவிட்டது. கங்கையம்மாள் பதறி வேகத்தைக் கூட்டப் பார்த்தாள்.

"வேணாம். வேகமா போனா இன்னும் குடிக்கும். சார்ஜ் மிச்சம் பண்ற ஈகோ மோடுல போடு. ஒரே சீராப் போ, பிரேக் அடிச்சு அடிச்சு முறுக்காதே" என்றார் காசிநாதன். லாரியில் மலை ஏறும்போது பேசிய குரல் அவருக்கே கேட்டது. அவள் அப்படியே செய்தாள். ஒரு சைக்கிள்காரன்கூட முந்திக்கொண்டு போனான். இருபத்திரண்டில் வீடு சேர்ந்தார்கள்.

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியதும் கங்கையம்மாள் இரண்டு கையாலும் இடுப்பை அமுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள்.

"இன்னா ஆச்சு?"

"தினமும் உள்ளதுதான். சீட்டு உசரம், கால் நுனிதான் தரையில படுது. நிறுத்தி நிறுத்தி ஊனறதுல இடுப்பு கழண்டு பூடுது."

"என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீங்க பாட்டரிய பாத்துக்கினு இருந்தீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

சனிக்கிழமை நடத்திய வகுப்புக்கு ஈடாக மறுநாள் பள்ளிக்கு விடுமுறை. காசிநாதன் வண்டியை ஓட்டாமல், கையால் தள்ளிக்கொண்டே சீட் தைக்கிற கமலின் கடைக்குப் போனார். வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

கமல் சீட்டைத் தட்டிப் பார்த்தான். "பின்னாடி இன்னும் மெத்துனு வெச்சிடலாமாண்ணா? முதுகு ஆபரேஷன் ஆன ஆளு நீங்க."

"பின்னாடி இருக்கறது இருக்கட்டும். முன்னாடி ரெண்டு பக்கமும் ஸ்பாஞ்சை சீவி ஒடுக்கு, உசரத்தையும் கொறை. ஓட்டறவளுக்குக் கால் முழுசா தரையில படணும்" என்றார் காசிநாதன். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, கமல் பழைய தையலைப் பிரிப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.