மாமன் சீரைக் காணோம்

செவ்வந்தி வேலை பார்த்த பள்ளி ஆண்டு விழாவை வீடியோ எடுக்கக் கள்ளக்குறிச்சியிலிருந்து ராஜாங்கம் வந்திருந்தான். விழா முடிந்ததும் கேமராவைப் பையில் வைத்துக்கொண்டே, "டீச்சர், நீங்க இங்கிலீஷா?" என்று கேட்டான்.

"இங்கிலீஷ் டீச்சர்."

"அப்ப இது இன்னா சொல்றாங்கன்னு சொல்லுங்களேன்."

போனை நீட்டினான். ஜாஸ் பாடகி ஒருத்தியைப் பற்றிய ஆவணப்படம். அவளோடு டிரம்ஸ் வாசித்த கிழவர் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரே பாட்டை அந்தம்மா ரெண்டு தடவை ஒரே மாதிரி பாடினதே இல்லையாம்."

"நம்மூரு பேண்டு செட்டும் அப்படித்தான். ஆனா அவங்க வேணும்னு பண்றதில்ல."

இப்படித்தான் ஆரம்பித்தது. எடிட்டிங் கற்றுக்கொள்ளத் தேடியபோது தற்செயலாகக் கிடைத்த படம் அது. அதன் பிறகு இன்னொரு பாடகி, அதற்கப்புறம் வேறொருத்தி என்று அவன் தேடிப் பிடித்துக்கொண்டே இருந்தான். செவ்வந்தி கச்சிராயபாளையத்திலிருந்து போனில் அர்த்தம் சொன்னாள். வெகு சீக்கிரமே படம் இல்லாத நாளிலும் போன் வந்தது.

ஒரு காட்சியை மட்டும் அவனுக்கு விடவே மனமில்லை. ஓர் ஓட்டலில் பாடகி உருகிப் பாடுகிறாள். கேமராவோ அவளை விட்டுவிட்டு, தட்டோடு அசையாமல் நின்றுவிட்ட பரிமாறும் பெண்ணிடம் போய்விடுகிறது.

"பாட்டு அவங்களுது. எனக்கு அழுகை வந்தது இந்தப் பொண்ணப் பாத்து. அவளப் படம் புடிக்கணும்னு எவனுக்குத் தோணுச்சோ, அவன் பெரிய ஆளு டீச்சர்!"

தன் அக்கா தங்கமணியின் கல்யாணம் வந்தபோது வீடியோ வேலையைச் செவ்வந்திதான் அவனுக்கு வாங்கிக் கொடுத்தாள். வேலை நன்றாக அமைந்தால் தங்கள் கல்யாணப் பேச்சை வீட்டில் எடுக்கலாம் என்பது அவள் கணக்கு. அப்பா நாராயணசாமி கரும்பைத் தவிர எதிலும் தானாக முடிவெடுக்கமாட்டார். "மச்சான் சரின்னா சரி" என்பார். அந்த மச்சான்தான் தாய்மாமன் சுப்புராயன். தியாகதுருகத்தில் இருந்தார். தன்னைக் கேட்காமல் தங்கமணிக்கு நிச்சயம் செய்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு பேச்சு வார்த்தையையே நிறுத்தியிருந்தார். ஆனாலும் கல்யாணத்தன்று, எல்லோரும் நம்பிக்கையை விட்ட நேரத்தில், மேளதாளத்தோடு மாமன் சீர் கொண்டு வந்துவிட்டார். ஆப்பிள் கோபுரம், பட்டுப்புடவை, குத்துவிளக்கு, மாலை போட்ட ஆட்டுக்கிடா என்று தெருவே வாய் பிளந்தது.

வீடியோ தயாரான ஞாயிற்றுக்கிழமை, தன் சீரைக் காட்டுவதற்காகவே மனைவியின் தம்பி மாயவனையும் கூட்டிக்கொண்டு சுப்புராயன் வந்தார். டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். பென் டிரைவைச் செருகிவிட்டு ராஜாங்கம் கதவோரம் நின்றுகொண்டான்.

தாலி கட்டு அருமையாக இருந்தது. கல்வராயன் மலை அருவியில் எடுத்த ஜோடிப் படத்துக்கு எல்லோரும் கை தட்டினார்கள்.

"சீரப் போடுப்பா" என்றார் சுப்புராயன்.

மேளச்சத்தம் தூரத்தில் கேட்டது. திரையில் அம்மா கொளஞ்சியம்மாள் மண்டப வாசலில் நின்றாள். மேளம் நெருங்க நெருங்க அம்மாவின் முகமே தெரிந்தது. ஒருவழியாகக் கேமரா தெருப் பக்கம் திரும்பியபோது கிடாவின் வால் மட்டும் மண்டபத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

"சீர்த் தட்டு எங்கடா?"

செவ்வந்தி ராஜாங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். மாமன் சீர் இல்லாத கல்யாண வீடியோ இந்தச் சுற்றுவட்டத்தில் உண்டா?

"ஒத்தத் தட்டு கூட இல்லியே! ஊரக் கூட்டியாந்து கெடா வாலயா காட்றது?"

"அம்மா மொகத்தப் பாத்தேன் மாமா. கேமராவத் திருப்ப மனசு வரல."

"மாமாவா? யாருக்குடா மாமா?"

ராஜாங்கம் நாக்கைக் கடித்துக்கொண்டான். சுப்புராயன் ரிமோட்டைப் பிடுங்கி, எங்காவது ஒரு தட்டாவது தென்படாதா என்று பின்னால் ஓட்டினார். மறுபடியும் கொளஞ்சியம்மாள். பக்கத்தில் இருப்பவளிடம், "எங்கண்ணன் வராம இருக்கமாட்டாரு" என்கிறாள். கண் தெருவிலேயே இருக்கிறது. உதட்டைக் கடிக்கிறாள். முந்தானையைத் திருகுகிறாள். மேளம் கேட்டதும் தூணைப் பிடித்துக்கொண்டு, சின்னப்பெண் போலச் சிரித்து, அவசரமாகத் தலைமுடியை ஒதுக்குகிறாள்.

சுப்புராயன் இன்னொரு முறை ஓட்டினார். இந்த முறை தட்டைத் தேடவில்லை.

"கொளஞ்சி, நான் வரமாட்டேன்னே நெனச்சிக்கினு இருந்தியா?"

"அய்ய, இல்லண்ணே."

"பொய் சொல்லாத. டிவியிலயே தெரியுது."

கொளஞ்சியம்மாள் அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து உள்ளே போனாள். சுப்புராயன் ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"மாமா, தட்டு?" என்றான் மாயவன்.

"தட்டு பாத்திரக்கடையில நெறைய கெடக்குது, போய்ப் பாரு." பிறகு ராஜாங்கத்திடம் திரும்பினார். "இந்த மாதிரி எடுக்க எங்கடா கத்துக்கின?"

"ஜாஸ் பாடகிங்க வாழ்க்கைய வச்சி எடுத்த படமுங்க. எல்லாம் இங்கிலீஷு."

"ஒனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாதுங்க. டீச்சர் சொல்லுவாங்க."

"எந்த டீச்சரு?"

வீட்டில் இருந்த ஒரே டீச்சரை எல்லோரும் பார்த்தார்கள். இனி ஒளிக்க ஒன்றுமில்லை. செவ்வந்தி மாமன் எதிரில் வந்து நின்றாள்.

"மாமா, எனக்கு இவரக் கட்டிக்கணும். ஒங்களத்தான் மொதல்ல கேக்கறேன். அப்பாகிட்ட கூட இன்னும் சொல்லல."

"எங்கிட்டயே சொல்லலியா?" என்று நாராயணசாமி எழுந்தார்.

"நீ சும்மா இரு மாப்ள. புள்ள என்னத்தான் மொதல்ல கேட்டுக்கினு இருக்குது" என்று அவரைக் கையமர்த்திய சுப்புராயனின் மீசை லேசாக மேலேறியது. "யாரு வூட்டுப் புள்ளடா நீ?"

"நைனார்பாளையம் வேடியப்பன் மகனுங்க."

"வேடியப்பனா? நல்ல மனுசனாச்சே." ராஜாங்கத்தை ஏற இறங்கப் பார்த்தார். "ஆனா ஒண்ணு. இந்தக் கல்யாணத்துக்கு வேற வீடியோக்காரனப் பாருங்க."

செவ்வந்தி குறுக்கிட்டாள். "ஏன் மாமா? இவருக்கு இன்னா கொறச்சல்?"

"நல்ல கதையா இருக்குதே! மணவறையில குந்திக்கினு மாப்ளையே எப்படி வீடியோ எடுப்பான்?"