மடி தவறாத மாட்டுப்பெண்

கொச்சி மட்டாஞ்சேரியில் கமலாக்ஷி மாமியிடம் மாட்டிக்கொண்டவர்கள் மாட்டுப்பெண் புராணம் கேட்காமல் தப்ப முடியாது. கோவில் பிரகாரமோ காய்கறிக் கடையோ, "சௌக்கியமா மாமி?" என்று யாராவது மரியாதைக்குக் கேட்டால் போதும். "எங்காத்து மதுவந்தி இருக்காளே..." என்று தொடங்கிவிடுவாள். முடிப்பதற்குள் கேட்டவர் கையிலிருக்கும் கீரை வாடிவிடும்.

மாமியையும் குறை சொல்ல முடியாது. மகன் ஷங்கர் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது மாமி நடுங்கித்தான் போனாள். குளிக்காமல் அடுக்களைக்குள் வருவாள், பிரிட்ஜில் இருக்கும் பழையதை எடுத்து நைவேத்தியத்துக்குப் பக்கத்தில் வைப்பாள் என்றெல்லாம் கற்பனை செய்து தூக்கம் கெட்டாள். வந்தவளோ மாமியையே தோற்கடித்துவிட்டாள். விடியுமுன் குளியல், அடுப்பு பற்றவைக்குமுன் இன்னொரு குளியல், தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டால் அதற்கும் ஒன்று. அரிசி களைந்த தண்ணீர் பளிங்காகத் தெளியும்வரை விடமாட்டாள். குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வமான ஊரில், அவளுக்காக ஷங்கர் மொட்டை மாடியில் இரண்டாவது டேங்க் வைத்தான். அதையும் மாமி ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

மடி என்றால் குளித்து, யார் கையும் படாமல் உலர்ந்த புடவையைக் கட்டி, யாரையும் தொடாமல் வேலை செய்வது. அந்த வீட்டில் காப்பி கூடக் கைக்குக் கை மாறாது. ஒருவர் தரையில் வைப்பார், மற்றவர் எடுத்துக்கொள்வார். இரண்டு வருஷமாக மாமியாரும் மருமகளும் அப்படித்தான் ஒரே அடுக்களையில் புழங்கினார்கள். மதுவந்தியின் கைகள் எந்நேரமும் ஈரமாக, புடவைத் தலைப்புக்குள்ளேயே இருக்கும். அடக்கம் என்று மாமி அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள்.

அன்று வீட்டில் சுமங்கலிப் பிரார்த்தனை. உறவுக்காரப் பெண்கள் கூடத்தில் வரிசையாக இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஷங்கர் ஆபீஸ் வேலையாக பெங்களூர் போயிருந்தான். சமையல் மொத்தமும் மதுவந்திதான். பருப்பு பரிமாறியாயிற்று, சாதம் பரிமாறியாயிற்று. பாயசத்தோடு வர வேண்டியவளைக் காணோம்.

"மாட்டுப்பொண் மறுபடியும் குளிக்கப் போயிட்டாளோ?" என்றாள் மாமியின் ஓர்ப்படி, கொழுந்தன் மனைவி ஸ்வர்ணலதா. குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது. மாமிக்கு அது தேனாக இனித்தது.

"இதோ கூட்டிண்டு வரேன்" என்று கொல்லைப்பக்கம் போனாள். குளியலறையை நெருங்கும்போதே மூக்கு எரிந்தது. கதவு தாழிட்டிருக்கவில்லை. தள்ளினாள்.

மதுவந்தி தரையில் குந்தியிருந்தாள். பக்கத்தில் தரை கழுவும் ப்ளீச்சிங் பவுடர் பொட்டலம் பிரிந்து கிடந்தது. கையில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். முழங்கை வரைக்கும் தோல் என்று சொல்ல எதுவும் இல்லை. சில இடங்கள் வெள்ளையாக வெந்திருந்தன, சில இடங்களில் வெடிப்பு வழியாக ரத்தம் கசிந்தது. வாளித் தண்ணீர் ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது. அவள் அழவில்லை. முணுமுணுவென்று எண்ணிக்கொண்டே தேய்த்தாள்.

மாமி உள்ளே ஓரடி வைத்தாள். "மதூ, என்னடீ இது" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மதுவந்தி நிமிர்ந்து பார்த்தாள். "எண்ணிக்கை தப்பிப்போச்சும்மா" என்றாள். பிறகு ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

"போறும். நிறுத்து. மடின்னாலும் இப்படியா இருக்கறது?"

"இது மடி இல்லேம்மா." நார் நிற்கவில்லை. "எனக்கு மடியில எல்லாம் நம்பிக்கையே கிடையாது. பாயசத்துல என் கையிலேர்ந்து ஏதோ விழுந்துடுத்துன்னு தோண்றது. விழலைன்னு எனக்கே தெரியறது. ஆனா கழுவலேன்னா நீங்க எல்லாரும் செத்துப்போயிடுவேள்னு உள்ள ஒண்ணு சொல்லிண்டே இருக்கு. தினமும் சொல்றது. ராத்திரி தூங்கறச்சேயும் சொல்றது."

 இரண்டு வருஷமாக மாமி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது எல்லாம் இதுதானா? பக்தி என்று நினைத்த இடத்தில் இந்தப் பெண் தினம் தினம் செத்துப் பிழைத்திருக்கிறாள். அந்த நிலைமையிலும் மாமியின் கண் ஒரு கணம் தன் மடிசார்ப் புடவைக்குப் போனது. தொட்டால் மடி போகும், கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி ஒரு நினைப்பு வந்ததே, அதை நினைத்துப் பின்னால் பல நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

குனிந்து மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடாதீங்கோ" என்று மதுவந்தி அலறினாள். கூடம் வரைக்கும் கேட்டது. மாமி விடவில்லை. வெறும் தண்ணீரை மொண்டு மொண்டு அந்தக் கைகளில் ஊற்றினாள். பிடித்த இடமெல்லாம் பிசுபிசுத்தது. உடம்பிலேயே எலும்புதான் மிச்சம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஸ்வர்ணலதா வாசலில் வந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, பிரார்த்தனை பாதியில நிக்கறதே" என்றாள்.

"நிக்கட்டும். ஒரு ஆட்டோ கூப்பிடு" என்றாள் மாமி.

பக்கத்துப் பேட்டையான சுள்ளிக்கல்லில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஆட்டோ ஓட்டிய அனில் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை விரட்டினான். கைக்குக் கட்டுப் போட்ட தோல் டாக்டர் என்ன நடந்தது என்று விசாரித்தார். கேட்டு முடித்ததும், "தோல் ஆறிடும். ஆனா இது என்கிட்ட முடியற காரியமில்லை" என்று அடுத்த அறைக்கு அனுப்பினார். அங்கே மனநல மருத்துவர் ஸாதனா இருந்தாள். பாலக்காட்டுத் தமிழ்ப் பெண். மதுவந்தியிடம் தனியாக வெகுநேரம் பேசிவிட்டு மாமியையும் உள்ளே அழைத்தாள்.

"இது ஒரு அசுகமாக்கும் மாமி, ஒரு வியாதி. ஓசிடின்னு சொல்லுவோம். வேண்டாத நினைப்பு வந்து மிரட்டும். கழுவினா கொஞ்சம் அடங்கும், அப்புறம் முன்னைவிட ஜாஸ்தியா வரும். மருந்து இருக்கு, கழுவாம இருந்து பழகற சிகிச்சை இருக்கு. நாள் எடுக்கும், ஆனா நன்னா பேதமாகும், குணமாயிடும்."

"பைத்தியமா?" என்று கேட்டாள் மாமி. கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இல்லை. அவளுக்கு எல்லாம் தெரியறது. தெரிஞ்சும் நிறுத்த முடியலை, அதுதான் கஷ்டம்." டாக்டர் மதுவந்தி பக்கம் திரும்பினாள். "இவ்வளவு காலம் தனியா சுமந்திருக்கியே மதுவந்தி. ஆத்துல ஒருத்தர்கிட்ட கூட சொல்லலையா?"

மதுவந்தி கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தாள். "இல்லை டாக்டர். யார்கிட்டயும் சொல்லலை" என்றாள்.

அப்போதுதான் மாமிக்கு அது ஞாபகம் வந்தது.  அத்தனை நாள் எப்படி மறந்து கிடந்தது என்று விளங்கவில்லை.

"பொய் சொல்றா டாக்டர்" என்றாள். "எனக்காகப் பொய் சொல்றா. போன கர்க்கடகத்துல, ஆடி மாசம், அடுக்களையில வெச்சு என்கிட்ட சொன்னா. என்னால நிறுத்த முடியலைம்மா, பயமா இருக்குன்னு அழுதா. ஊர்க் கண்ணு பட்டுடுத்துன்னு நான் உப்பும் மிளகாயும் சுத்திப் போட்டேன்."

"அப்புறம்?"



"அப்புறம், இன்னொருதரம் குளிச்சுட்டு வாடீன்னு அனுப்பினேன்."