பேதுருவின் விலங்கு

நேப்பிள்ஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அனியெல்லோ, சில நாட்களாக ஓவியர் ஒனோஃப்ரியோவின் அறையில், அவர் வரையும் படத்துக்காக, சிறைப்பட்ட புனித பேதுரு. அவனை மாட்டிவிட்டது அவன் தாடிதான். பேசாமல் மூட்டையே தூக்கியிருக்கலாம்.

ஓவியர் சன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் மூடி, கூரையில் ஒரே ஒரு துளை விட்டிருந்தார். பொய்ச் சங்கிலி கையை இழுக்காது என்று, சிறைக்காவலரிடம் அசல் விலங்கையே இரவல் வாங்கி அவனைச் சுவரோடு பூட்டியிருந்தார்.

மேகம் வந்து வெயில் மறைந்தது. ஒனோஃப்ரியோ தூரிகையை வைத்தார்.

"கழட்டி விடுங்க மாஸ்ட்ரோ. கால் மரத்துப்போச்சு."

"பேதுருவுக்கு மட்டும் மரத்துப்போகாமலா இருந்திருக்கும்? நீ எந்திரிச்சா துணி மடிப்பு கலைஞ்சிடும், அப்புறம் முதல்லேர்ந்து வரையணும். சாப்பிட்டுட்டு வந்துடறேன், அப்படியே இரு."

சாவி இடுப்பில் குலுங்க அவர் படியிறங்கிப் போனார். அறை கும்மிருட்டானது. தெருவில் மீன்காரியின் குரல் கேட்டது. இவன் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. எலியொன்று பாதத்தை முகர்ந்துவிட்டுப் போனது. படத்துக்காகப் பூட்டிய விலங்குதானே என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தான், மனசு கேட்கவில்லை. கோயிலில் முணுமுணுத்ததெல்லாம் போக, அன்றைக்குத்தான் நிஜமாக ஜெபித்தான்: ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்.

கதவு திறந்தது. கூரைத் துளையில் வெயிலும் திரும்பியது. அந்த ஒளியில், முதுகில் வாத்துச் சிறகைக் கட்டிக்கொண்டு தையற்காரன் நுன்ஸியோ நின்றான். படத்தில் பேதுருவை விடுவிக்க வரும் தேவதூதன் அவன்தான்.

"சாவி கொண்டாந்தியாடா?"

"அது மாஸ்ட்ரோகிட்ட இருக்கு," என்றான் நுன்ஸியோ. "என்னைக் கையை மட்டும் நீட்டச் சொல்லியிருக்காரு."